கமேலியாவுக்குச் சாம்பல் போடாதீர்கள்

எங்கள் வீட்டு முதல் கமேலியாப் பூச்செடியைக் கொன்றது பிரியாணி அடுப்பு. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் ரெய்ஸ்தோர்ப் பகுதியில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பின்பக்கத்தில் விறகு மூட்டி, பெரிய தேக்சாவில்தான் சமையல். மறுநாள் காலையில் ஆறிய சாம்பலை ஆயா முறத்தில் அள்ளிக்கொண்டு போய்ச் செடிகளுக்குத் தூவுவார். மிளகாய், கத்தரி, செம்பருத்தி என்று எல்லாவற்றுக்கும் போட்டுப் பழகிய கை. புதிதாக வந்த கமேலியாவுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை என்று அதற்கு இரண்டு கை கூடுதலாகவே விழுந்தது. அப்புறம் முட்டை ஓடு. அப்புறம் புதுச் சாணம். ஒன்றரை வருடத்தில் இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்று, ஒரு கோடையில் செடி காய்ந்தே போனது.

கவனிப்பு இல்லாமல் சாகிற கமேலியாவைவிட உபசாரத்தில் சாகிற கமேலியாதான் அதிகம் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. நமக்கு மல்லிகையும் சாமந்தியும் செம்பருத்தியும் வளர்த்துப் பழக்கம். கொளுத்தும் வெயில், ஆழமான குழி, தாராளமான எரு, வேர் ஓரம் கொத்திவிடுவது எல்லாம் அவற்றுக்கு நல்லது. கமேலியாவுக்கு இவை ஒன்றுமே ஆகாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். ஒருமுறை பிடித்துக்கொண்ட செடி நம்மைவிட நீண்ட நாள் இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் முதல் தடவையாகக் கமேலியா வாங்கப்போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன்காரர்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். நர்சரிகளில் கமீலியா என்பார்கள். மணிலாவில் இருந்த கமெல் என்ற ஏசு சபைத் துறவியின் பெயரைத்தான் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு வைத்தார். அதனால் நான் கமேலியா என்றே எழுதுகிறேன்.

தேயிலைக்குத் தங்கை

இது ஏதோ வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்துச் செடி என்று நம்மவர்கள் பலர் ஒதுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நாம் தினமும் குடிக்கிற தேயிலையே ஒரு கமேலியாதான். அதன் தாவரப் பெயர் கமேலியா சினென்சிஸ். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது கரும்புக்காக. ஆனால் 1877-ல் லீஜ் ஹியூலெட் என்ற தோட்ட முதலாளி ஸ்டாங்கர் பக்கம் கியர்ஸ்னியில் அசாம் விதை கொண்டுவந்து தேயிலை போட்டார். அங்கே இலை கிள்ளியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள். 1911-ல் அந்த ஆள் வரத்து நின்றது. எங்கள் நேட்டால் மாகாணத்துத் தேயிலையும் அதற்கப்புறம் படிப்படியாகப் படுத்துவிட்டது.

இந்தப் பழைய கதையில் தோட்டக்காரருக்கு ஒரு துப்பு இருக்கிறது. தேயிலைக்கு என்ன வேண்டுமோ அதுவேதான் கமேலியாவுக்கும் வேண்டும். புளிப்பு மண், கோடையில் மழை, தண்ணீர் தேங்காத சரிவு. இந்த மூன்றும் நேட்டாலில் பல இடங்களில் சும்மாவே கிடைக்கிறது. ஹில்டன், ஹோவிக் மாதிரி மூடுபனி இறங்கும் மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே நட்டுவிட்டு மறந்தால்கூட வளரும்.

எந்த வகையை வாங்குவது

கடையில் பெரும்பாலும் இரண்டு வகைதான் இருக்கும், ஜப்பானிக்கா, சசான்குவா. இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜப்பானிக்காவின் இலை பெரியது, தடித்தது, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். சசான்குவாவின் இலை சின்னது, விளிம்பில் நுணுக்கமான பல் இருக்கும். சசான்குவா மார்ச் கடைசியில் பூக்க ஆரம்பித்து ஜூன் வரை போகும். ஜப்பானிக்கா மே, ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை. புனித வெள்ளியன்று நம் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும் சமயத்தில் சசான்குவா பூத்திருக்கும், ஆடியில் கூழ் ஊற்றும்போது ஜப்பானிக்கா உச்சத்தில் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் செடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சசான்குவா வாங்குங்கள். அது வெயிலை ஓரளவு தாங்கும், வேகமாக வளரும், வேரழுகலை எதிர்த்து நிற்கும். சில ரகங்களில் லேசான மணமும் உண்டு. பூ சின்னது, இதழ் இதழாக உதிரும், தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால் ஒரு நாள் தாங்கினால் பெரிது. ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் பூக்கும். செத்சுகெக்கா என்ற வெள்ளை ரகம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜப்பானிய மொழியில் பனி, நிலா, பூ மூன்றையும் சேர்த்து வைத்த பெயர் அது.

ஜப்பானிக்காவின் பூ கையகலத்துக்கு வரும். விழும்போதும் முழுப் பூவாகத்தான் விழும், பொறுக்கித் தட்டில் அடுக்கலாம். மணம் இல்லாத பூ சாமிக்கு எதற்கு என்பது ஆயாவின் கட்சி. அவரே ஆடி வெள்ளியில் தோட்டத்தில் வேறு ஒன்றும் இல்லாதபோது இதைத்தான் பறித்துக்கொண்டு போவார். இளஞ்சிவப்பில் டெபியூட்டான்ட், வெள்ளையில் ஆல்பா பிளீனா இரண்டும் பழைய, நம்பகமான ரகங்கள். ஆல்பா பிளீனாவுக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. சீனாவிலிருந்து 1792-ல் இந்தச் செடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் பெயர் கர்நாடிக். நம் சோழமண்டலக் கரைச் சீமைக்கு வெள்ளைக்காரன் வைத்திருந்த பெயர்! அடுக்கு மேல் அடுக்காக வட்டம் போட்டது போல இதழ் இருக்கும். மழை பட்டால் பழுப்புக் கறை விழும், அதனால் திண்ணைக் கூரையின் விளிம்போரம் வைப்பது நல்லது.

டர்பனில் சாத்ஸ்வர்த், பீனிக்ஸ் மாதிரி கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கமேலியா மொட்டு கட்டுவதற்குச் சூடு வேண்டும், மொட்டு விரிவதற்குக் குளிர் வேண்டும். டர்பனில் முன்னது உண்டு, பின்னது போதாது. அடுக்கு நிறைந்த ஜப்பானிக்கா அங்கே மொட்டாகவே இருந்து பழுத்து விழும். சசான்குவாவோடு திருப்திப்பட்டுக்கொள்வது உத்தமம்.

கேப் பக்கம் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் குளிர்காலத்தில் ஒரு நாள் சோமர்செட் வெஸ்ட்டில் உள்ள வெர்கெலெகன் தோட்டத்தைப் பார்த்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான ரகங்கள் அங்கே இருக்கின்றன. சர்வதேசக் கமேலியா சங்கம் 2010-ல் சிறப்புத் தகுதி கொடுத்த தோட்டம். படத்தில் பார்ப்பது வேறு, செடியில் பார்ப்பது வேறு.

இடம் பார்த்தல்

நம் நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஊரிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வரும் புத்தகங்களில் வடக்குப் பக்கம் நிழல் என்று போட்டிருக்கும். இங்கே வடக்குச் சுவர்தான் நாள் முழுக்கக் காயும். வீட்டின் தெற்குப் பக்கமும் தென்கிழக்கு மூலையும்தான் கமேலியாவுக்கு. காலையில் மூன்று நான்கு மணி நேர வெயில், மதியத்துக்கு மேல் நிழல், இது போதும். மேற்கு வெயில் மட்டும் வேண்டவே வேண்டாம். இலையின் நடுவில் இஸ்திரிப் பெட்டி வைத்தது போலப் பழுப்புத் திட்டு விழும்.

உறைபனி விழும் பள்ளப்பகுதியில் வீடு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். இரவில் உறைந்த மொட்டின் மேல் விடிந்ததும் வெயில் அடித்தால், வேகமாக உருகி இதழ் கருகிவிடும். அங்கே விடியற்காலை வெயில் படாத இடமாகப் பாருங்கள், ஒன்பது பத்து மணிக்கு மேல் வெயில் வரட்டும். ஜோஹன்னஸ்பர்க், லெனேஷியா பக்கம் இது ரொம்ப முக்கியம்.

மரத்தடி நல்லதா என்று கேட்பார்கள். மாமரத்தடியும் அவக்காடோ மரத்தடியும் இருட்டு, செடி ஒல்லியாக நீண்டு பூக்காமல் நிற்கும். யூகலிப்டஸ் பக்கம் போகவே வேண்டாம், அதன் வேர் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும். வெயில் சல்லடையாக விழுகிற நிழல்தான் சரி.

இன்னொன்று, சுவர். புதுச் சுவரும் சிமென்ட் தரையும் மழைக்கு மழை சுண்ணாம்பைக் கசியவிடும். கட்டட வேலை முடிந்து மிச்சக் கலவையை மண்ணில் புதைத்துவிட்டுப் போவது இங்கே கொத்தனார்களின் பரம்பரைப் பழக்கம். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நடுங்கள்.

மண்ணுக்கு ஒரு கேள்வி

கமேலியாவுக்கு மண்ணின் பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும், அதாவது லேசான புளிப்பு. 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் முதல் செடிக்கு நடந்தது அதுதான். சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு மூன்றுமே மண்ணின் புளிப்பைக் குறைப்பவை. எலும்புத் தூளும் அந்தக் கட்சிதான், ஆகவே குழியில் அதையும் போட வேண்டாம்.

மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி சொல்கிறேன். டிசம்பரில் தெருவில் நடந்து போங்கள். எந்த வீட்டிலாவது ஹைட்ரேஞ்சியா பூத்திருக்கும். பூ நீலமாக இருந்தால் மண் புளிப்பு, கமேலியாவுக்குப் பச்சைக்கொடி. இளஞ்சிவப்பாக இருந்தால் யோசிக்க வேண்டும். வெள்ளை ரகம் மண்ணுக்கு ஏற்ப நிறம் மாறாது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திட்டவட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் ஹில்டனுக்குப் பக்கத்தில் சீடாராவில் மாகாண வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. இல்லையென்றால் நர்சரியில் கிடைக்கும் சின்னச் சோதனைப் பெட்டியே போதும்.

மண் புளிப்பாக இல்லாவிட்டால் சண்டை போடாதீர்கள். கந்தகத் தூள் கலந்து கொஞ்சம் இறக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், வருடா வருடம் செய்யவும் வேண்டும். அதைவிடத் தொட்டியில் வளர்ப்பது நிம்மதி.

அடுத்தது வடிகால். ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். சாயங்காலம் விட்டது காலையிலும் நின்றால் அங்கே குழியில் நடக்கூடாது. மேடு கட்டி அதன்மேல்தான் நட வேண்டும்.

வாங்கும்போது

பூத்திருக்கும்போது வாங்குங்கள். சீட்டில் போட்டிருக்கும் படத்தை நம்பி வாங்கி, சிவப்பு என்று நினைத்தது வெள்ளையாகப் பூத்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. தண்டு பையின் நடுவில் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். ஆடினால் புதுப்பைக்கு இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பையின் அடியில் தடித்த வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் அந்தச் செடி வேண்டாம். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் காசு கொடுத்துப் பூச்சியை வாங்குகிறீர்கள். 10 லிட்டர் பைச் செடி புதியவருக்குச் சரியான அளவு. பெரிய செடிக்கு ஆசைப்படாதீர்கள், அது புது இடத்தில் வேர் பிடிக்க ரொம்ப நாள் எடுக்கும்.

நடுதல்

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இங்கே ஆடி நடுக் குளிர்காலம். ஆனாலும் கமேலியா விஷயத்தில் அந்தப் பழமொழி கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை செடி தளிர் விடாமல் அமைதியாக இருக்கும், அதுதான் நடுவதற்கு நேரம். கோடை மழையில் நட்டாலும் பிழைக்கும், ஆனால் ஒரு வாரம் மழை ஏமாற்றினால் நீங்கள்தான் வாளி தூக்க வேண்டும்.

முதல் நாள் இரவே பையோடு செடியை நனைத்து வையுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், மண்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆழம் மட்டும் மண்கட்டியின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அடிமண்ணைக் கிளறாதீர்கள், கிளறினால் பிறகு செடி அமுங்கிவிடும். தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்றாக மட்கிய இலைமட்கும் பைன் பட்டைத் தூளும் கலந்துகொள்ளுங்கள். சாணம் இரண்டு வருடம் மட்கியதாக இருந்தால் ஒரு சின்னக் கூடை, புதிது என்றால் தொடவே வேண்டாம். பையைக் கிழித்துச் செடியை வைத்தால், மண்கட்டியின் மேல்பரப்பு தரையைவிட இரண்டு விரல் உயரமாக நிற்க வேண்டும். சுற்றி மண்ணைப் போட்டுக் கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக விடுங்கள்.

அந்த இரண்டு விரல் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் இரண்டாவது கமேலியாவுக்குச் சாம்பல் போடவில்லை, வெயில் இல்லை, எல்லாம் ஒழுங்கு. ஆனால் இரண்டு வருடம் ஒரு இலைகூடக் கூட்டாமல் பொம்மை மாதிரி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் உட்கார்ந்து, தண்டைச் சுற்றி விரலாலேயே மண்ணை விலக்கினேன். நான்கு விரல்கடை ஆழம் போன பிறகுதான் முதல் வேர் தட்டுப்பட்டது. மண்ணுக்குள் இருந்த தண்டின் பட்டை ஈரத்தில் கறுத்து, நகம் பட்டால் மெத்தென்று உரிந்தது. நடும்போது சரியாகத்தான் நட்டிருந்தோம். குழியின் அடியைக் கொத்தி எருவால் நிரப்பியிருந்ததால், எரு மட்க மட்கச் செடி கீழே இறங்கிவிட்டது. மேலே இருந்து அண்ணன் வேறு வருடா வருடம் மண் அணைத்திருக்கிறான், மக்காச்சோளத்துக்கு அணைப்பது போல! ஜூனில் வேரோடு பெயர்த்து மேடு கட்டி மேலே உட்காரவைத்தோம். அந்த அக்டோபரிலேயே ஒவ்வொரு கிளை நுனியிலும் செம்பு நிறத் தளிர்.

கமேலியாவின் வேர் மேலாகப் பாய் விரித்தது போல ஓடும். அதற்குக் காற்று வேண்டும். புதைத்தால் மூச்சு முட்டும், கொத்தினால் அறுபடும். ஆகவே அதன் அடியில் மண்வெட்டிக்கு வேலையே கிடையாது. களையைக் கையால் பிடுங்குங்கள்.

மூடாக்கும் தண்ணீரும்

கொத்தக்கூடாது என்றால் மண்ணை எப்படிப் பதமாக வைப்பது? மூடாக்குதான். பைன் ஊசியிலை, பைன் பட்டை, உதிர்ந்த இலை எது கிடைத்தாலும் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி ஒரு கையகலம் காலியாக விடுங்கள். டீத்தூள் சக்கையும் போடலாம், சொந்தக்காரச் செடியின் இலைதானே. ஆனால் நம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுக் கொதிக்கவைத்த சக்கை வேண்டாம். எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும்.

தண்ணீர் விஷயத்தில் முதல் இரண்டு வருடம் கண் வைத்திருங்கள். மழை இல்லாத வாரத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி. விரலை மூடாக்குக்குக் கீழே விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் விட வேண்டாம். ஜோஜோ டேங்கில் பிடித்த மழைத்தண்ணீர் முதல் தரம். குழாய்த் தண்ணீரும் பரவாயில்லை. துணி துவைத்த தண்ணீரை மட்டும் இதற்கு ஊற்றாதீர்கள், சோப்பு மண்ணின் புளிப்பை முறித்துவிடும்.

எப்போது தாகம் எடுக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். நேட்டாலிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் கோடையில் மழை, குளிர்காலம் வறட்சி. பூக்கும் நேரத்தில்தான் நாம் ஊற்ற வேண்டும். கேப் டவுனில் தலைகீழ். பூக்கும்போது மழை கொட்டும், மொட்டு கட்டும் கோடையில் வானம் வறண்டுவிடும். அங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாளியைக் கீழே வைக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அடுத்த குளிர்காலத்துப் பூவின் விதி கோடையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தையில், அதாவது ஜனவரி பிப்ரவரியில், கிளை நுனியைப் பாருங்கள். ஒல்லியாகக் கூர்மையாக இருப்பது இலைமொட்டு. பக்கத்தில் உருண்டு பருத்து நிற்பது பூமொட்டு. அது தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஏப்ரல் வரை செடி ஒரு தடவைகூட நன்றாகக் காய்ந்துவிடக்கூடாது. காய்ந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. மே மாதம் மொட்டெல்லாம் ஒன்றொன்றாகக் கொட்டும். நீங்கள் மேயில் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கொத்தாக மூன்று நான்கு மொட்டு இருந்தால் மார்ச்சில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் ஜப்பானிக்காவில் பெரிய பூ வேண்டுமென்றால் வேறு வழியில்லை. சசான்குவாவில் இந்த வேலை வேண்டாம்.

அப்புறம் நம் ஊர் ஆகஸ்ட் காற்று. டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அந்தப் பக்கமிருந்து இறங்க இறங்கச் சூடாகி வரும் வறண்ட பெர்க் விண்ட். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஜப்பானிக்காவின் பாதி விரிந்த மொட்டு ஒரே மத்தியானத்தில் தோல் மாதிரி பழுப்பாகிவிடும். அந்தக் காற்று வரும் என்று தெரிந்தால் முதல் நாள் சாயங்காலமே நன்றாகத் தண்ணீர் விட்டு வையுங்கள். வேறு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

உரம்

கொஞ்சம் போதும். நட்ட முதல் வருடம் ஒன்றுமே வேண்டாம். அதற்கப்புறம் பூத்து முடிந்த செப்டம்பரில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை. அசேலியா என்ற பூச்செடிக்கு என்று விற்கும் உரம் இதற்கும் பொருந்தும். பையில் போட்டிருக்கும் அளவில் பாதியை ஈர மண்ணில் கிளை விரிந்த அளவுக்குத் தூவித் தண்ணீர் விடுங்கள். பிப்ரவரிக்கு மேல் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் குளிருக்கு முன்னால் பிஞ்சுத் தளிர் விட்டு அது கருகும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது உரப் பசியாக இருக்காது. மண்ணின் புளிப்பு போய்விட்டதா என்று பாருங்கள். இரும்புச் செலேட் (செடி எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் இருக்கும் இரும்பு) கரைத்து ஊற்றினால் சில வாரத்தில் புதுத் தளிர் பச்சையாக வரும்.

தொட்டிக்காரர்களுக்கு: 40 சென்டிமீட்டர் வாய் அகலத் தொட்டி, பைன் பட்டைத் தூள் பாதி, இலைமட்கும் பருமணலும் மீதி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கலவையை மாற்றுங்கள். மண்தொட்டி சீக்கிரம் காயும், ஆகஸ்ட் மாதம் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

பூச்சியும் நோயும்

செதில் பூச்சிதான் நிரந்தர விருந்தாளி. இலையின் அடியில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும், மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரியும். எறும்பு தண்டில் வரிசையாக ஏறி இறங்கினாலோ, இலையில் கரி பூசியது போலக் கரும்பூசணம் வந்தாலோ, கண்ணாடி போட்டுக்கொண்டு அடிப்பக்கம் தேடுங்கள். தோட்டத்துக்கு விற்கும் எண்ணெய்த் தெளிப்பானை இலையின் அடியில் படும்படி அடித்தால் பூச்சி மூச்சடைத்துச் சாகும். 30 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும் நாளில் அடிக்காதீர்கள், இலை பொசுங்கும். தளிரில் அசுவினி வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே போய்விடும்.

தளிர் இலை சில சமயம் அப்பளம் மாதிரி உப்பித் தடித்து வெளிறிப்போகும். அது ஒரு பூசணம். வெள்ளைத் தூள் பரவுவதற்கு முன் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

ஒன்றுக்குத்தான் மருந்து இல்லை. தண்ணீர் தேங்கும் மண்ணில் வரும் வேரழுகல். மண் ஈரமாக இருக்கும், செடி மட்டும் தண்ணீர் இல்லாதது போல வாடும். நாமும் வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம், கதை முடிந்துவிடும். வேரைத் தோண்டிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பாக நசநசவென்று இருக்கும். அந்தச் செடியை எடுத்துவிடுங்கள், அதே குழியில் இன்னொரு ஜப்பானிக்கா வைக்காதீர்கள். சசான்குவா வேரில் ஒட்டுக் கட்டிய செடி கிடைத்தால் வேறு மேட்டில் வைத்துப் பார்க்கலாம்.

வெட்டுதல்

பூ முடிந்ததும், தளிர் வருவதற்கு முன். சசான்குவாவுக்கு ஜூலை, ஜப்பானிக்காவுக்குச் செப்டம்பர். உள்ளே குறுக்கே போகும் குச்சிகளை எடுத்துவிட்டு, ஒரு சிட்டுக்குருவி உள்ளே புகுந்து இடிபடாமல் வெளியே வருகிற அளவுக்குச் சந்து வைத்தால் போதும். கிறிஸ்துமஸுக்கு வீட்டை அழகுபடுத்துகிறேன் என்று டிசம்பரில் கத்தரியை எடுத்தால் அடுத்த வருடப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். பழைய செடி ஆளுயரம் தாண்டிக் காடாக நின்றால் பயப்படாமல் தாழ வெட்டலாம், கட்டை மரத்திலிருந்தே துளிர்க்கும். ஒன்றிரண்டு வருடம் பூ இருக்காது.

குச்சி நட்டுக் கன்று எடுக்க

ஜனவரியில், அந்த வருடத் தளிர் பச்சையிலிருந்து பழுப்பாக மாறும் பதத்தில், நான்கு விரல் நீளக் குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். மேலே இரண்டு இலை போதும், பெரிய இலையாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். அடியில் ஒரு பக்கம் பட்டையை நகத்தளவு சீவி, வேர்விடும் தூளில் தொட்டு, பருமணலும் பைன் பட்டைத் தூளும் கலந்த தொட்டியில் குத்துங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை அடி வெட்டிக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் இழுத்துப் பார்க்காதீர்கள்! பத்தில் ஐந்து பிடித்தால் கைராசிக்காரர்.

ஒவ்வொரு தொட்டியிலும் ரகத்தின் பெயரை எழுதிக் குத்திவையுங்கள், பென்சிலால். பேனா மை ஒரே கோடையில் வெளுத்துவிடும். எங்கள் பின்பக்கத்தில் இப்போது ஏழு கன்று நிற்கிறது, எது என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு மூன்று குளிர்காலம் போக வேண்டும்.